யாருகிட்டப் போயி கேக்கறது?

1

போன வருசம் செமஸ்டர் பரிட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது எங்கள் காலனியிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். அவளுக்கு நான் சித்தப்பா முறை. டவுனில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.எஸ்சி. இரண்டாம் வருசம். அப்பன் இல்லை. அம்மா கரும்பு வெட்டப் போகிறவள். வீட்டில் அவளும் ஆயாவும்தான்.

"சித்தப்பா, ஸ்காலர்ஷிப்பு இன்னும் ஏறலியாம். பணம் கட்டினாத்தான் ஹால் டிக்கெட்டுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. யாரைக் கேட்டாலும் எங்களுக்குத் தெரியாதுங்கறாங்க. யாருகிட்டப் போயி கேக்கறது?"

நான் முனைவர் பட்டம் வாங்கியவன். அரசுக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. சரி வா, ரெண்டு பேரும் போய்க் கேட்போம் என்று கிளம்பினேன்.

கல்லூரி ஆபீசில், "பரிட்சை நடத்தறது யூனிவர்சிட்டி சார், பீஸ் அவங்களுக்குப் போகணும், நாங்க என்ன பண்றது" என்றார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டால், "காலேஜ் எங்களுக்கு லிஸ்ட் அனுப்பினா நாங்க டிக்கெட் தர்றோம், ஸ்காலர்ஷிப்புக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்றார்கள். கலெக்டர் ஆபீசில் ஆதிதிராவிடர் நலப் பிரிவில், "ஸ்டேட் பங்கு போட்டாச்சு. சென்ட்ரல் பங்கு டெல்லியிலேருந்து நேரா பொண்ணு கணக்குல ஏறும். ஆதார் எந்த பேங்க்குல லிங்க் ஆயிருக்குன்னு பாருங்க" என்றார்கள். பேங்கில் போய்ப் பார்த்தால் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது திறந்து, முடங்கிப்போன ஒரு கணக்கோடு ஆதார் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அதை மாற்றினால் எப்போது பணம் ஏறும்? "அது எங்க கையில இல்லைங்க." டெல்லியின் உதவி எண்ணைக் கூப்பிட்டால் இந்திக்கு ஒன்றை அழுத்து, இங்கிலீசுக்கு ரெண்டை அழுத்து.

நாலு நாள் ஓடிப்போனது. அஞ்சாம் நாள் ஆயாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. பெண் பரிட்சை எழுதினாள்.

எங்கப்பாவுக்கு இப்படியொரு சந்தேகம் வந்ததே இல்லை. கூலி பாக்கி என்றால் எந்த வீட்டு வாசலில் நிற்கணும், எவ்வளவு தூரம் தள்ளி நிற்கணும், "ஆண்டே" என்று எத்தனை தடவை கூப்பிடணும் என்று அவருக்குத் தெரியும். கிடைக்காமல் போகலாம், அடி விழலாம். ஆனால் யார் மறுக்கிறான் என்பது தெரியும். ஒருநாள் அந்த வாசலில் கூட்டமாகப் போய் நின்று எதிர்த்துக் கேட்கவும் முடிந்தது. அவருடைய பேத்தி முறைக்காரிக்கு வாசல் எது என்றே தெரியவில்லை. ஐந்து வாசல் இருக்கிறது. ஐந்திலும், "நான் இல்லை, அவன்" என்கிறார்கள்.

இதை நிர்வாகக் கோளாறு என்று சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்திய உயர்கல்வியை அமைத்திருக்கும் விதமே இதுதான். நமக்குரிய உரிமை ஒரு இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதற்கான பணம் வேறொரு இடத்தில் இருக்கிறது. முடிவெடுக்கிற அதிகாரம் மூன்றாவது ஒரு இடத்தில் இருக்கிறது. இந்த மூன்றும் ஒரே மேசையில் வராதபடி பார்த்துக்கொள்வதுதான் ஏற்பாடு. இட ஒதுக்கீட்டை ஒழிக்க வேண்டும் என்று தெருவில் கத்துகிறவனைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். கத்தாமல் உட்கார்ந்து ஒதுக்கீடு எட்டாத இடத்தில் புதுக் கட்டடம் எழுப்புகிறவனை நாம் பார்ப்பதே இல்லை.

2

இந்த வீட்டுக்கு மனை பார்த்தவன் வெள்ளைக்காரன். 1854இல் வந்த உட் அறிக்கையின்படி 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை என்று மூன்று பல்கலைக்கழகங்கள். அன்றைய லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துச் செய்தது. பாடம் நடத்துவது கல்லூரி. பாடத்திட்டம் போட்டு, பரிட்சை வைத்து, பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். பல்கலைக்கழகத்துக்கு மாணவனின் முகம் தெரிய வேண்டியதில்லை, பதிவெண் போதும். லண்டன் அந்த முறையைப் பின்னால் மாற்றிக்கொண்டது. நாம் இன்னும் அதில்தான் படிக்கிறோம்.

1882இல் ஹண்டர் கமிஷன் முன்னால் ஜோதிராவ் புலே மனு கொடுத்தார். உழைக்கிற சூத்திரனிடம் வரி வாங்கி மேல்சாதிக்காரனின் மேற்படிப்புக்குச் செலவழிக்கிறீர்கள், அடித்தட்டுக்கு ஆரம்பக் கல்விகூட இல்லை என்பதுதான் அவருடைய வழக்கின் சாரம். பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று கேட்ட முதல் ஆட்களில் அவர் ஒருவர்.

1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் பல்கலைக்கழகச் சட்டத் திருத்தம் விவாதத்துக்கு வந்தபோது அம்பேத்கர் கேட்டது இன்னும் ஒரு படி மேல். செனட்டில் பிற்பட்டோருக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் இடம் வேண்டும் என்று வாதாடினார். வகுப்பறைப் பெஞ்சில் இடம் கேட்பது ஒன்று. அந்த வகுப்பறையை யார், எங்கே, எவ்வளவு செலவில் கட்டுவது என்று தீர்மானிக்கிற மேசையில் இடம் கேட்பது வேறொன்று. அம்பேத்கர் ரெண்டையும் கேட்டார். நாம் முதலாவதோடு நின்றுவிட்டோம். அதற்கே உயிர் போகிறது என்பதும் உண்மைதான்.

இன்றைய கணக்கைப் பாருங்கள். 2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புப்படி 1,168 பல்கலைக்கழகங்கள், 45,473 கல்லூரிகள், 4.33 கோடி மாணவர்கள். இதில் பட்டியல் சாதி மாணவர்கள் 66.23 லட்சம். படிக்கிற வயதில் உள்ளவர்களில் உயர்கல்விக்கு வந்தவர்கள் நாடு முழுக்க 28.4 விழுக்காடு, நம்மில் 25.9. "அப்புறம் என்னங்க, கிட்டத்தட்ட வந்துட்டீங்களே" என்று கேட்கத் தோன்றும். கேட்கவும் கேட்கிறார்கள். எண்ணிக்கையில் வந்துவிட்டோம், சரி. எந்த அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள்?

3

இந்த வீட்டில் அறைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. உச்சியில் 'தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்கள்'. ஐ.ஐ.டி., எய்ம்ஸ், ஐ.ஐ.எம். வகையறா. 1951இல் காரக்பூரில் முதல் ஐ.ஐ.டி. வந்தது, இன்று இந்தப் பட்டியல் நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. இவற்றுக்கு யு.ஜி.சி. தலைமை இல்லை, பணம் மத்திய அமைச்சகங்களிலிருந்து நேராக வரும். அதற்குக் கீழே ஐம்பது சொச்சம் மத்தியப் பல்கலைக்கழகங்கள், யு.ஜி.சி. பணத்தில். அதற்கும் கீழே மாநிலப் பல்கலைக்கழகங்கள். சம்பளம் கொடுக்க வேண்டியது மாநிலம், விதி போடுவது டெல்லி. அதற்கும் கீழே அவற்றோடு இணைந்த அரசுக் கல்லூரிகள், உதவிபெறும் கல்லூரிகள். அடித்தட்டில் சுயநிதிக் கல்லூரிகள். நாட்டின் கல்லூரிகளில் நான்கில் மூன்றுக்கு மேல் தனியார் கையில்.

மாணவர் கூட்டத்தில் மிகப் பெரும்பகுதி கீழ்த்தட்டில். மத்திய அரசு உயர்கல்விக்குச் செலவழிக்கிற பணத்தில் பெரும்பகுதி மேல்தட்டில். மேலே போகப் போக ஆள் குறைவு, பணம் அதிகம். கீழே வர வர ஆள் அதிகம், பணம் குறைவு. அம்பேத்கர் சாதியைப் படிநிலைப்படுத்தப்பட்ட சமத்துவமின்மை என்றார். ஒவ்வொருவனுக்கும் கீழே ஒருத்தன் இருப்பதால் யாரும் மேலே பார்த்துக் கல்லெறிய மாட்டான் என்பதுதான் அதன் சூட்சுமம். மத்தியப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். உதவிபெறும் கல்லூரியிலிருந்து வந்தவன் என்பதை மறைத்தேன். இணைப்புக் கல்லூரி மாணவர்களைப் பற்றி மெஸ்ஸில் கிண்டலடித்தபோது நானும் சிரித்தேன். என் தம்பி அப்போது இணைப்புக் கல்லூரியில்தான் படித்துக்கொண்டிருந்தான்.

அதிகாரம் எங்கே இருக்கிறது? அரசியல் சட்டம் எழுதும்போது கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. ஆனால் உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிப்பது, ஒருங்கிணைப்பது என்ற 66ஆவது இனத்தை அப்போதே ஒன்றியப் பட்டியலில் வைத்தார்கள். 1956இல் யு.ஜி.சி. சட்டம். 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42ஆவது திருத்தம் கல்வியையே பொதுப்பட்டியலுக்குத் தூக்கிக்கொண்டு போனது. இப்போது ஒரு கல்லூரிக்கு எத்தனை எசமானர்கள் என்று விரலை மடக்குங்கள். பல்கலைக்கழகம், மாநிலத்தின் கல்லூரிக் கல்வித்துறை, யு.ஜி.சி., தொழில்நுட்பம் என்றால் ஏ.ஐ.சி.டி.இ., ஆசிரியர் பயிற்சி என்றால் என்.சி.டி.இ., சட்டம் என்றால் பார் கவுன்சில், தரம் போட 'நாக்', வரிசைப்படுத்த ஒரு தேசியத் தரவரிசை. இத்தனை பேரும் கட்டடத்தின் சதுர அடியை அளக்கிறார்கள், நூலகத்தில் புத்தகத்தை எண்ணுகிறார்கள். சேரியிலிருந்து வந்த பிள்ளைக்கு ஹால் டிக்கெட் மறுக்கப்பட்டால் இவர்களில் யார் பொறுப்பு? அங்கேதான் விரல் மடங்க மாட்டேன் என்கிறது.

ரோகித் வெமுலாவின் கதையில் இது பளிச்சென்று தெரியும். 2016 ஜனவரி 17இல் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக விடுதியில் அவர் இறந்தபோது ஏழு மாத ஆய்வு உதவித்தொகை, 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய், நிலுவை. அந்தப் பணம் மேசைக்கு மேசை நகர்ந்து வரவே இல்லை. ஆனால் அவர் சார்ந்த மாணவர் அமைப்பைப் பற்றி மத்திய அமைச்சர் ஒருவர் எழுதிய புகார்க் கடிதம் டெல்லி அமைச்சகத்துக்குப் போய், அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்து, நினைவூட்டல்களும் அடுத்தடுத்து வந்தன. அதே கட்டடம், அதே படிக்கட்டுதான். தண்டனை இறங்குகிற வேகத்தில் உரிமை இறங்காது.

4

இனி உரிமைக்கு வருவோம். எல்லாரும் நினைப்பது, அரசியல் சட்டத்தில் ஒதுக்கீடு இருக்கிறது, ஆகவே எல்லா இடத்திலும் இருக்கிறது என்று. கொஞ்சம் சுற்றிப் பார்க்கலாம், வாங்க.

2006இல் மத்தியக் கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்க்கை ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. மண்டல் எதிர்ப்பாளர்கள் டெல்லியில் தெருவைப் பெருக்கி, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுப் 'போராட்டம்' நடத்திய அந்த வருசம்தான். நாம் தினமும் செய்கிற வேலை அவர்களுக்கு அவமானத்தின் அடையாளமாகப்பட்டது! அந்தச் சத்தத்தில் சட்டத்தின் 4ஆவது பிரிவை நாம் படிக்கத் தவறினோம். 'உன்னத நிறுவனங்கள், ஆய்வு நிறுவனங்கள், தேசிய, போர்த்திற முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்கள்' என்று ஒரு அட்டவணை. அதில் உள்ளவற்றுக்கு இந்தச் சட்டம் செல்லாது. டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் அதில் இருக்கிறது. ஓமி பாபா தேசிய நிறுவனமும் அதன் உறுப்புகளும் இருக்கின்றன. நம்ம ஊர்க் கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆய்வு மையமும், தரமணி கணித அறிவியல் நிறுவனமும் அந்த உறுப்புகளில் அடக்கம். மிக உயர்ந்த சிறப்புப் படிப்புகளுக்கும் விலக்கு. அறிவு உச்சத்துக்குப் போகிற இடத்தில் நம் நிழல் விழக் கூடாது என்பதைத் தீண்டாமை என்று எழுதாமல் 'உன்னதம்' என்று எழுதியிருக்கிறார்கள். 2020இல் ஐ.ஐ.டி. இயக்குநர்கள் அடங்கிய குழு ஒன்று, ஆசிரியர் நியமன ஒதுக்கீட்டிலிருந்து எங்களுக்கும் விலக்குக் கொடுங்கள் என்று பரிந்துரை எழுதியது. வாசல் ஏற்கெனவே இருக்கிறது, எங்களையும் உள்ளே விடு என்பதுதான் கோரிக்கை.

அது உச்சி. அடித்தட்டுக்கு வாருங்கள். 2005இல் இனாம்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு உதவி பெறாத தனியார் கல்லூரியில் ஒதுக்கீட்டைத் திணிக்க முடியாது என்றது. உடனே நாடாளுமன்றம் 93ஆவது திருத்தம் போட்டு 15(5) என்ற பிரிவைச் சேர்த்தது. சிறுபான்மை நிறுவனங்கள் தவிர்த்துத் தனியார் நிறுவனங்களிலும் ஒதுக்கீடு கொடுக்கச் சட்டம் இயற்றலாம் என்கிறது அந்தப் பிரிவு. 2014இல் பிரமதி வழக்கில் அது செல்லும் என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தடை எதுவும் பாக்கி இல்லை. ஆனால் 2006இல் மத்திய அரசு போட்ட சட்டத்தில் தனியாரைத் தொடவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று, தனியார் உயர்கல்வியிலும் ஒதுக்கீட்டுக்குச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. இருபது வருசம் கழித்து வந்தது ஒரு பரிந்துரை. அந்த இருபது வருசத்தில்தான் தனியார் பல்கலைக்கழகங்கள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. முளைக்க விட்டுவிட்டு வேலி போடுவதைப் பற்றி இப்போது பேசுகிறார்கள்.

இப்போது சேர்த்துப் பாருங்கள். உச்சியில் 'உன்னதம்' என்று விலக்கு. கீழே 'தனியார்' என்று விலக்கு. நடுவில் இருக்கிற அரசுக் கல்லூரி, அரசுப் பல்கலைக்கழகம்தான் நம் உரிமை செல்லுபடியாகிற இடம். அந்த நடுத்தட்டில் கட்டடம் ஒழுகுகிறது, ஆசிரியர் இடம் காலி, ஆய்வுக்கூடத்தில் கருவி இல்லை. ஊரில் பொதுக்கிணற்றில் நமக்கும் பங்குண்டு என்று தீர்ப்பு வந்த பிறகு, ஊர்க்காரன் வீட்டுக்கு வீடு போர் போட்டுக்கொண்டான், பொதுக்கிணறு தூர்ந்துபோனது. தீர்ப்பு இன்னும் நம்ம கையில் பத்திரமாகத்தான் இருக்கிறது.

5

ஆசிரியர் வேலைக்கு வருகிறேன். இது என் சொந்தக் கதையும்கூட.

ஒதுக்கீட்டில் விகிதம் எவ்வளவு என்பதைத்தான் எல்லாரும் பேசுவார்கள். எதை ஒரு அலகாக வைத்து எண்ணுவது என்பதுதான் உயிர்நாடி. 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், ஆசிரியர் நியமனத்தில் பல்கலைக்கழகத்தை மொத்தமாக எண்ணாதே, துறையைத் தனித்தனி அலகாக எண்ணு என்றது. 2018 மார்ச் 5இல் யு.ஜி.சி. அப்படியே சுற்றறிக்கை விட்டது. சுழற்சி வரிசையில் நாலாவது இடம் பிற்பட்டோருக்கு, ஏழாவது பட்டியல் சாதிக்கு, பதினாலாவது பழங்குடிக்கு. ஒரு துறையில் உதவிப் பேராசிரியர் பணியிடம் நாலுதான் என்று வையுங்கள். அந்த நாலு பேரும் ஓய்வு பெற்று, அடுத்த சுற்றில் மூணாவது ஆளை எடுக்கும்போதுதான் ஏழு வரும். கிட்டத்தட்ட முப்பது வருசம். பழங்குடிக்குப் பதினாலு என்றால் நாலாவது சுற்று. நூறு வருசம் காத்திருக்கணும். 15 விழுக்காடு என்ற சட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. எண்ணுகிற அலகை மாத்தினான், அவ்வளவுதான். நாடு முழுக்கப் போராட்டம் வெடித்த பிறகு 2019 மார்ச்சில் அவசரச் சட்டமும் ஜூலையில் சட்டமும் வந்து பழைய முறை திரும்பியது. அந்தச் சட்டத்திலும் 'உன்னத' நிறுவனங்களுக்கு விலக்கு அப்படியே இருக்கிறது. 2023 டிசம்பரில், ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆள் கிடைக்காவிட்டால் பொதுவாக்கலாம் என்று ஒரு வரைவை யு.ஜி.சி. வெளியிட்டுப் பார்த்தது, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. கதவை ஆட்டி ஆட்டிப் பார்க்கிறார்கள். என்றைக்காவது ஒருநாள் நாம் தூங்குவோம் என்று தெரியும். நாட்டின் உயர்கல்வி ஆசிரியர்களில் பட்டியல் சாதியினர் 9 விழுக்காடு அளவில்தான் இருக்கிறோம்.

என் கதை இதுதான். பதினொரு வருசமாகக் 'கௌரவ' விரிவுரையாளர். கௌரவம் பெயரில் இருக்கிறது. மாதம் 25 ஆயிரம், அதுவும் வருசத்துக்குப் பதினொரு மாதம். 2019இல் யு.ஜி.சி., கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50 ஆயிரம் வரை கொடுக்கலாம் என்று எழுதியது. முதல்வரிடம் கேட்டேன். "அது யு.ஜி.சி. சொல்றது, சம்பளம் போடறது கவர்மெண்டு" என்றார். துறை அலுவலகத்தில் கேட்டால், "யு.ஜி.சி. சொல்லும், பணம் அவங்களா குடுக்கறாங்க?" என்றார்கள். விதி டெல்லியில், பணம் சென்னையில், வகுப்பு எங்கள் ஊரில். ஆயாவின் கம்மல் போன வழியும் என் சம்பளம் போன வழியும் ஒன்றுதான் என்பது எனக்கு அந்தப் பெண்ணோடு அலைந்த நாலு நாளில்தான் உறைத்தது. நிரந்தர இடம் காலியாக இருந்தால் சுழற்சி வரிசை பார்க்க வேண்டும். அதை நிரப்பாமல் தற்காலிக ஆளை வைத்துத் தள்ளினால் நம் ஏழாவது இடம் வராமலேயே காலம் போய்விடும். எங்கள் உழைப்பாலேயே எங்கள் உரிமையைத் தள்ளிப்போடுகிறார்கள். அதற்குக் கூலியும் எங்களுக்கே கொடுக்கிறார்கள்.

6

"தமிழ்நாட்டைப் பாருங்க, உயர்கல்விச் சேர்க்கை 47 விழுக்காடு, இந்தியாவுக்கே முன்னோடி" என்று திராவிட இயக்கத் தோழர்கள் சொல்வார்கள். அந்தக் கணக்கு உண்மை. 69 விழுக்காடு ஒதுக்கீடு, நுழைவுத்தேர்வு ஒழிப்பு, 2012இல் வந்த 92ஆம் எண் அரசாணையின்படி சுயநிதிக் கல்லூரியிலும் நம் பிள்ளைகளின் கட்டணத்தை அரசு ஏற்பது – இவை போராடிக் கிடைத்தவை. நான் படித்ததும் இவற்றின் தோளில் ஏறித்தான். ஆனால் 1984இலிருந்து சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளைத் திறந்துவிட்டதும் இதே தமிழ்நாடுதான். அவற்றை நடத்துவது யார்? சாராய வியாபாரி, ரியல் எஸ்டேட்காரர், கட்சிப் பிரமுகர், ஆதிக்க சாதிச் சங்கம். அரசு நமக்காகக் கட்டணம் கட்டுகிறது என்றால், நம் பேரைச் சொல்லி அந்தப் பணம் யார் கல்லாவுக்குப் போகிறது? அரசுக் கல்லூரியில் ஒரு ஆய்வுக்கூடமாக மாறியிருக்க வேண்டிய பணம் அது.

கல்வியை மாநிலப் பட்டியலுக்குத் திரும்பக் கொண்டுவா என்ற கோரிக்கையை நானும் ஆதரிக்கிறேன். 'நீட்'டால் 2017 செப்டம்பரில் அனிதாவைப் பறிகொடுத்த பிறகு அதில் ரெண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் டெல்லி ஒரு ஊர் என்றால் சென்னையும் ஒரு ஊர்தான். துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரா முதல்வரா என்று வருசக்கணக்கில் சண்டை நடக்கிறது. வரப்போகிற துணைவேந்தர் சேரியிலிருந்து வருவாரா என்று அந்தச் சண்டையில் ரெண்டு தரப்பும் பேசவில்லை. அதிகாரம் டெல்லியிலிருந்து சென்னைக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டால் எங்கள் காலனிக்கு ஒன்றும் வந்து சேராது.

2020 தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழக அரசு ஏற்கவில்லை, நல்லது. அதில் உள்ள ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு வருசம் படித்துவிட்டுப் போனால் சான்றிதழ், ரெண்டு வருசம் என்றால் டிப்ளமோ, மூணு என்றால் பட்டம், நாலு என்றால் ஆய்வுப் பட்டம். இதற்கு 'எப்போது வேண்டுமானாலும் வெளியேறும் சுதந்திரம்' என்று பெயர். முதல் வருசக் கடைசியில் எழுந்து போகிறவள் யார்? ஆயாவுக்கு ரெண்டாவது கம்மல் இல்லாதவள். நேற்றுவரை அதை இடைநிற்றல் என்று சொல்லி அரசைக் குற்றம் சாட்டினோம். இனி அவள் கையில் ஒரு தாளைக் கொடுத்து, "நீயே விரும்பித்தான் போனாய்" என்பார்கள்.

இனி நம்மவர்களிடம் ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளாதீர்கள். 2008இல் ஐதராபாத்தில் செந்தில்குமார், 2016இல் ரோகித், 2017இல் ஜே.என்.யு.வின் முத்துக்கிருஷ்ணன். ஒவ்வொரு சாவுக்கும் சுவரொட்டி ஒட்டினோம், ஊர்வலம் போனோம், கவிதை எழுதினோம். நானும் எழுதினேன். செந்தில்குமாருக்கு ஆய்வு வழிகாட்டி ஒதுக்கப்படாமல் காலம் ஓடியதே, வழிகாட்டியை ஒதுக்குகிற குழு எது, அதில் யார் இருந்தார்கள், அந்தக் குழுவில் உட்கார நமக்கு என்ன வழி என்று நான் எழுதவில்லை. சாவைப் பற்றி எழுதுவது எங்களுக்குக் கைவந்துவிட்டது. சுற்றறிக்கை படிப்பது சலிப்பாக இருக்கிறது. அவன் சுற்றறிக்கையில்தான் நம்மைக் கொல்கிறான்.

7

ஆகவே சில கோரிக்கைகள். இவற்றில் புரட்சி எதுவும் இல்லை. இதுகூட நடக்கவில்லை என்பதுதான் விசயம்.

உதவித்தொகைப் பாக்கி அரசுக்கும் கல்லூரிக்கும் இடையிலான கணக்கு. அதைச் சொல்லி எந்தப் பிள்ளைக்கும் ஹால் டிக்கெட்டையோ மாற்றுச் சான்றிதழையோ மறுக்கக் கூடாது. மறுத்தால் கல்லூரியின் இணைப்பைப் பல்கலைக்கழகம் ரத்து செய்ய வேண்டும். இந்த உதவித்தொகை 1944இல், அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில் தொடங்கியது. எண்பது வருசம் கழித்தும் அதற்காகக் கம்மலை அடகு வைக்கிற நிலை இருப்பதற்கு ஒருத்தன் பெயர் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு அதிகாரி, ஒரு மேசை. "அது எங்க கையில இல்லைங்க" என்று சொல்ல அவருக்கு உரிமை கிடையாது.

2006, 2019 சட்டங்களின் 'உன்னத' அட்டவணையை நீக்க வேண்டும். 15(5)இன் கீழ் தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒதுக்கீட்டுச் சட்டம் வேண்டும். காலிப் பணியிடத்தைக் கௌரவத்தால் நிரப்புவதை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தன் சுழற்சிப் பதிவேட்டை, எந்த இடம் யாருக்கு, எப்போதிலிருந்து காலி என்ற விவரத்தோடு, சுவரில் ஒட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே 1927இல் கேட்டதைத் திரும்பக் கேட்க வேண்டும். செனட்டில், சிண்டிகேட்டில், நிதிக் குழுவில், ஆசிரியர் தேர்வுக் குழுவில் நமக்கு ஓட்டோடு கூடிய இடம். தேர்வுக் குழுவில் 'பிரதிநிதி' என்று ஒரு ஓரத்தில் ஒருத்தரை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்குவதைச் சொல்லவில்லை. பணமும் அதிகாரமும் பங்கு போடப்படுகிற மேசையில், எதிர்த்துச் சொன்னால் முடிவு மாறக்கூடிய எண்ணிக்கையில் நாம் இருக்க வேண்டும்.

இதைப் படிக்கிற மாணவத் தோழர்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் கல்லூரியின் சுழற்சிப் பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்தான். பதில் வந்தால் இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். வராவிட்டால் வரவில்லை என்று அனுப்புங்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஏழு மாசம் கழித்துப் பணம் ஏறியது. அதற்குள் வட்டி ஏறிக் கம்மல் மூழ்கிப்போனது. ஆயா ஈர்க்குச்சியைக் காதில் செருகிக்கொண்டு இருக்கிறாள். இந்த வருசம் பணம் வரத் தாமதமானபோது அந்தப் பெண் என்னிடம் வரவில்லை. தன்னோடு படிக்கிற ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போனாள். யார் கையில் இருக்கிறது என்பதை எழுதிக் கொடுங்கள், அதுவரைக்கும் போக மாட்டோம் என்று சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. ஒரு பெயர், ஒரு பதவி, ஒரு கையெழுத்து. அடுத்த வாசல் எது என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. வர்ற திங்கக்கிழமை போறோம்.